காபித்தூள் கடைக்கு மெயில் எழுதிப் பழகிய பத்து மாதம்

சேலத்தில் சித்தப்பாவுக்குக் காபித்தூள் கடை. வறுப்பதும் அரைப்பதும் கடையின் பின்கட்டிலேயே நடக்கும். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பி விற்பனையைக் கூட்டும் வேலையை 2024 ஆகஸ்டில் நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம்தான், 2025 ஜூன் மாதக் கணக்கை முடித்தபோது, ‘இந்த மெயில் வேலை செய்கிறது’ என்று முதல்முறையாக எண்களை வைத்துச் சொல்ல முடிந்தது. நடுவில் செய்த தவறுகள் நிறைய. மறந்துபோவதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். சின்னக் கடை நடத்துகிறவர்களுக்கோ, அப்படிப்பட்ட கடைக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கிறவர்களுக்கோ இது உதவும்.

பட்டியல்

கையில் இருந்தது 2,910 முகவரிகள். அதில் 2,380 பேர் கடையின் இணையதளத்திலோ போனிலோ ஒருமுறையாவது வாங்கி, பில்லுக்காக மெயில் முகவரி கொடுத்தவர்கள். மீதி 530 பேர் ஒரு உணவுக் கண்காட்சியில் எங்கள் அரங்குக்கு வந்து, இலவசக் காபி குடித்துவிட்டு நோட்டில் எழுதிப் போனவர்கள். அந்த 530 பேரையும் சேர்த்தது முதல் தவறு. கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ததில் 94 முகவரிகளுக்குப் போன மெயில் திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்தவர்களில் பலருக்கு நாங்கள் யாரென்றே நினைவில்லை. இரண்டு பேர் கோபமாகப் பதில் எழுதினார்கள். அவர்கள் கோபப்பட்டது சரிதான். மெயில் அனுப்புவோம் என்று நாங்கள் அங்கே சொல்லவே இல்லை. 530 பேரையும் மொத்தமாக நீக்கிவிட்டேன். அதன்பின் இந்த வேலை முழுக்க அந்த 2,380 பேரை வைத்துத்தான் நடந்தது.

முதல் வழி: கூகுள் ஷீட்

செலவு வேண்டாம் என்று நினைத்து, கூகுள் ஷீட்டில் முகவரிகளைப் போட்டு, அதோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதியில் நாற்பது வரி எழுதி ஜிமெயில் வழியாக அனுப்பினேன். சாதாரணக் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியே ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும். 2,380 பேருக்குக் கணக்குப் போட்டால் 24 நாள். தீபாவளி மெயிலை 24 நாள் பரப்பி அனுப்ப முடியாது. அப்போதும் ‘பழகிப் பார்ப்போம்’ என்று நாலு நாள் அனுப்பினேன்.

அந்த நாலு நாளில் ஒரு விஷயம் தெரிந்தது. மெயிலின் அடியில் ‘இனி வேண்டாம்’ என்று ஒரு விலகல் இணைப்பு வைத்திருந்தேன். அதைத் திறந்தாலே பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்படி எழுதியிருந்தேன். ஒரே அலுவலக முகவரியில் இருந்த ஒன்பது பேர், மெயில் போன மூன்று விநாடிக்குள் விலகிவிட்டதாகப் பதிவானது. மூன்று விநாடியில் எந்த மனிதரும் படித்து முடித்து விலக முடியாது. அந்த அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருள், உள்ளே வரும் மெயிலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தானே ஒருமுறை திறந்து சோதித்திருக்கிறது. அதில் விலகல் இணைப்பும் திறந்துவிட்டது. மாதம் ஒரு கிலோ வாங்குகிற ஒருவரும் அந்த ஒன்பது பேரில் இருந்தார்.

இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. இணைப்பைத் திறந்தால் ஒரு பக்கம் வரவேண்டும். அதில் பொத்தானை அழுத்தினால்தான் விலக வேண்டும். இன்னொன்று, மெயிலின் தலைப்பகுதியில் ஒற்றைச் சொடுக்கு விலகல் குறிப்பைச் சேர்ப்பது. 2017-இல் வந்த தொழில்நுட்பத் தரநிலை இது. வெறுமனே இணைப்பைத் திறந்தால் ஒன்றும் ஆகாது. ஜிமெயில் தானே காட்டும் விலகல் பொத்தானை அழுத்தினால்தான் விலகும். நான் இரண்டையும் செய்தேன். இன்னொரு பாடமும் இதிலேயே கிடைத்தது: கிளிக் எண்ணிக்கையிலும் இயந்திரங்கள் கலந்திருக்கும். மெயில் போன பத்து விநாடிக்குள் எல்லா இணைப்புகளையும் தொட்ட முகவரிகளை அன்றுமுதல் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாம் வழி: சொந்த சர்வர்

செப்டம்பர் கடைசியில் லிஸ்ட்மங்க் என்ற, மொத்தமாக மெயில் அனுப்ப உதவும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினேன். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் கைலாஷ் நாத் எழுதியது. ஒரே ஒரு நிரல் கோப்பும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருந்தால் ஓடும். மாதம் ஏறக்குறைய 500 ரூபாய்க்குச் சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மெயிலை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க அமேசானின் எஸ்.இ.எஸ். சேவை, 1,000 மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட். மாதம் இரண்டு முறை 2,380 பேருக்கு அனுப்பினாலும் அரை டாலர் ஆகாது. தொடக்கத்தில் சோதனை நிலையில்தான் கணக்கைத் தருவார்கள். ஒரு நாளைக்கு 200 மெயில், அதுவும் முன்பே உறுதிசெய்த முகவரிகளுக்கு மட்டும். யாருக்கு அனுப்புகிறோம், பட்டியல் எப்படிச் சேர்ந்தது, விலகல் எப்படி என்று எழுதிக் கொடுத்தால் திறந்துவிடுவார்கள்.

அடுத்தது டொமைன், அதாவது கடையின் இணையப் பெயர், சார்ந்த வேலை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பினால் மெயில் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் வேண்டும், ஒற்றைச் சொடுக்கு விலகலும் வேண்டும். நாங்கள் அந்த அளவில் பாதிகூட இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் செய்துவிடுவது நல்லது என்று உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு நாள் முழுக்கப் போனது. கடையின் வழக்கமான மெயிலுக்கு ஏற்கெனவே ஓர் எஸ்.பி.எஃப். பதிவு டொமைனில் இருந்தது. நான் புதிய சேவைக்கென்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. விளைவாக, அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பில் மெயில்கள் ஸ்பேமுக்குப் போகத் தொடங்கின. ‘பில் வரலையே’ என்று ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒரே வரியில் இணைத்ததும் சரியானது. டி.கே.ஐ.எம்.முக்கு டொமைனில் சி-நேம் என்ற வகைப் பதிவுகள் மூன்று, டிமார்க்குக்கு ஒரு வரி. டிமார்க்கை முதலில் ‘வெறுமனே கவனி’ என்ற நிலையில் வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்றை அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ போனால் மூன்றுக்கும் பக்கத்தில் ‘பாஸ்’ என்று வரவேண்டும்.

தீபாவளி மெயில்

2024 தீபாவளி அக்டோபர் 31. ஒன்பது நாள் முன்பாக முதல் பெரிய மெயில் போனது. அதற்காக 1,900 ரூபாய்க்கு ஓர் அழகான வார்ப்புரு (முன்பே வடிவமைத்த மெயில் மாதிரி) வாங்கினேன். ஆறு படம், பக்கம் பக்கமாக மூன்று நெடுவரிசை, மேலே மத்தாப்பு. சப்ஜெக்ட் வரி இது:

“தித்திக்கும் தீபாவளி! 15% அதிரடித் தள்ளுபடி!! இன்றே முந்துங்கள்!!!”

லிஸ்ட்மங்க் காட்டிய கணக்கில் 46% பேர் திறந்திருந்தார்கள். நான் சந்தோஷத்தில் கடைக்கே போய்ச் சொன்னேன். சித்தப்பா தராசில் கால் கிலோ நிறுத்துக்கொண்டே கேட்டார், “தொறந்து பாத்தவங்க இருக்கட்டும் கண்ணு, எத்தன பேரு வாங்குனாங்க?”

தள்ளுபடிக் குறியீட்டைப் போட்டு வாங்கியவர்கள் 11 பேர். பெயர்களைப் பார்த்தால் ஒன்பது பேர் மாதாமாதம் வாங்குகிறவர்கள். மெயில் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். இப்போது 15% குறைத்து வாங்கினார்கள். விலகியவர்கள் 27.

அடுத்த இரண்டு வாரம் அந்த ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போனது.

முதலில் அந்த 46%. மெயில் திறக்கப்பட்டதா என்பது, உள்ளே ஒளித்து வைத்த ஒரு புள்ளிப் படம் இறக்கப்பட்டதா என்பதைக் கொண்டுதான் கணிக்கப்படுகிறது. 2021-இல் ஐ.ஓ.எஸ். 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில் செயலி, பயனரின் தனியுரிமையைக் காக்க, படங்களைத் தானே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்கிறது. படித்திருக்கிறேனே தவிர நம்பவில்லை. தங்கையின் ஐபோனுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். போன் சார்ஜரில் கிடந்தது, அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் ‘திறந்தார்’ என்று பதிவாகிவிட்டது. அன்றோடு திறப்பு விகிதத்தைப் பார்ப்பதை விட்டேன்.

அடுத்தது அளவு. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மெயிலை நடுவில் வெட்டி, ‘முழுச் செய்தியையும் காண்க’ என்று ஓர் இணைப்பை வைத்துவிடும். என் மெயில் 118 கிலோபைட். படங்கள் இதில் சேராது, அவை வெளியே இருக்கின்றன. எழுத்தும் அலங்கார வரிகளும் மட்டுமே இவ்வளவு. எப்படி என்று மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். வார்ப்புருவோடு வந்த வடிவமைப்புக் கருவி, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எண்ணாக மாற்றி வைத்திருந்தது. ‘அ’ என்ற ஓர் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி, ஒரு எண் குறி, 2949, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஏழு பைட். நேரடியாக யூனிகோடில் எழுதினால் மூன்று பைட் போதும். ‘கா’ போன்றவற்றில் துணைக்காலுக்குத் தனியாக இன்னொரு ஏழு. இப்படியே கடிதம் முழுக்க. வெட்டு விழுந்த இடத்துக்குக் கீழேதான் விலகல் இணைப்பு இருந்தது. விலக வழி கண்ணில் படாதவர் என்ன செய்வார்? ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். ஜிமெயில் ஸ்பேம் புகார் 0.3% ஐத் தொடக்கூடாது, 0.1%க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது. எங்கள் பட்டியலில் ஜிமெயில்காரர்கள் 2,000 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் அழுத்தினாலே எல்லையில் நிற்போம். சின்னப் பட்டியலுக்கு ஆறு பேர் என்பது ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம்.

மூன்றாவது, போனில் பார்த்தபோது தெரிந்தது. சப்ஜெக்ட் வரி “தித்திக்கும் தீபாவளி! 15% அதி…” என்று நின்றுவிட்டது. தமிழ்ச் சொற்கள் அகலமானவை. என் போனில் 25 எழுத்துக்கு மேல் தெரிவதில்லை. அதற்குக் கீழே முன்னோட்ட வரியாக வந்தது: “இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் திறக்க”. வார்ப்புருவின் முதல் வரி அது. 2,380 பேருக்கு நாங்கள் சொன்ன முதல் இரண்டு செய்தி, பாதியில் அறுந்த ஒரு சொல்லும், மெயில் சரியாகத் தெரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும்.

நான்காவது, எழுத்தின் தோற்றம். வரிகளுக்கு இடையே இடைவெளி ஆங்கிலத்துக்கு ஏற்றபடி 1.2 என்று இருந்ததால், மேல்வரியின் ‘கூ’, ‘மு’ கொக்கிகள் கீழ்வரியின் ‘ழி’, ‘கி’ மீது முட்டின. 1.6 ஆக்கி, எழுத்தளவை 17 ஆக வைத்தபிறகு அம்மா கண்ணாடி போடாமல் படித்தார். பின்னணி இல்லாத கறுப்பு லோகோ, இருண்ட திரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியவே இல்லை.

இவ்வளவையும் கண்டுபிடித்தபின் வார்ப்புருவைத் தூக்கிப் போட்டேன். அடுத்த மெயிலிலிருந்து படம் இல்லை, நெடுவரிசைப் பிரிப்பு இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஒரு கடிதம், நடுவில் ஓர் இணைப்பு, அடியில் என் பெயர், கடையின் போன் எண், விலகல். மொத்தம் 9 கிலோபைட்.

இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதித்தது

டிசம்பரில் சப்ஜெக்ட் வரிச் சோதனை தொடங்கினேன். ஷீட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தற்செயல் எண்ணை வரவழைத்து, அதன்படி வரிசைப்படுத்தி, நடுவில் வெட்டி இரண்டு பட்டியல். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,150 பேர். ஒரு பாதிக்கு “இந்த வாரம் வறுத்த பீபெரி”, மறுபாதிக்கு “பீபெரி குடித்துப் பார்த்தீர்களா?” (பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக விளையும் காபிதான் பீபெரி.) உள்ளே ஒரே கடிதம், ஒரே நேரம். கிளிக் 31க்கு 19.

கேள்வியாகக் கேட்டால் எடுபடாது என்று நோட்டில் எழுதிவிட்டேன். அதை நம்பி இரண்டு மெயிலும் எழுதினேன். ஜனவரியில் அதே மாதிரி இரண்டு வரிகளை வேறொரு ரகத்துக்குப் போட்டபோது 22க்கு 28 என்று கேள்வி ஜெயித்தது. தலை சுற்றியது. அப்புறம் ஒரு யோசனை. இரண்டு பாதிக்கும் ஒரே சப்ஜெக்ட், ஒரே கடிதம், எழுத்துக்கு எழுத்து மாறாமல் அனுப்பிப் பார்த்தால் என்ன? அனுப்பினேன். 24க்கு 33 வந்தது.

ஒன்றுமே மாற்றாமல் ஒன்பது கிளிக் வித்தியாசம். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான எண் இதுதான். யார் சோதனை தொடங்கினாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். உங்கள் பட்டியல் சும்மாவே எவ்வளவு ஆடும் என்று தெரியாமல் எதையும் அளக்க முடியாது.

இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. இரண்டு பாதியும் சம அளவாக இருந்தால், இரண்டு பக்கக் கிளிக்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். 31ம் 19ம் 50, வர்க்கமூலம் ஏழு சொச்சம், இரட்டித்தால் 14. என் வித்தியாசம் 12. நம்பியிருக்கக் கூடாது. முன்கூட்டியே பார்க்கவும் கணக்கு உண்டு: கிளிக் 3% லிருந்து 4% ஆக உயர்ந்ததை உறுதியாகப் பிடிக்க ஒவ்வொரு பாதியிலும் 5,400 பேர் அளவில் வேண்டும். என்னிடம் 1,150. அதாவது 3% என்பது 5% ஆனால்தான் என் கண்ணுக்கே தெரியும். சப்ஜெக்ட் வரியில் ஒரு சொல்லை மாற்றுவது, எமோஜி வைப்பது, காலை 7 மணியா 10 மணியா என்பதெல்லாம் அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. ஆகவே அவற்றைச் சோதிப்பதை நிறுத்தினேன். சின்னப் பட்டியல் வைத்திருப்பவர் பெரிய மாற்றத்தை மட்டும்தான் சோதிக்க முடியும்.

விலை ஏறியபோது

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபிக்கொட்டை ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்தது பெரிய காரணம். எங்களுக்குக் கொட்டை வரும் ஏற்காடு, சிக்மகளூர் வரை அதன் சூடு அடித்தது. சித்தப்பா கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்கரியைக் கூட்டி விலையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். காபி 51% இருந்தாலே சட்டப்படி காபி–சிக்கரித் தூள் என்று விற்கலாம். சித்தப்பா ஒப்பவில்லை. 80% காபி, 20% சிக்கரி என்ற 80:20 கலவையை வாங்குகிறவருக்கு 80:20தான் போகவேண்டும் என்றார்.

அதை அப்படியே கடிதமாக எழுதினேன். எவ்வளவு ஏறுகிறது, ஏன், எந்தத் தேதியிலிருந்து, கலவையில் எதுவும் மாறாது. சப்ஜெக்ட்: “மார்ச் 1 முதல் விலை ஏறுகிறது”. அனுப்புநர் முகவரியை, பதில் எழுதக்கூடிய என் சொந்தக் கடை முகவரியாக அதற்கு முந்தைய மாதம்தான் மாற்றியிருந்தேன். 63 பேர் பதில் எழுதினார்கள். திட்டியவர் நாலைந்து பேர். மற்றவர்கள் ‘சொன்னதற்கு நன்றி’ என்பதோடு நிறுத்தாமல் வேறு விஷயங்களையும் எழுதினார்கள். அரைப்பு ரொம்ப மையாக இருப்பதால் ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று எட்டு பேர், எட்டு ஊரிலிருந்து. கடையில் யாரும் நேரில் வந்து சொல்லாத புகார் அது. சித்தப்பா அரவை இயந்திரத்தின் தட்டு இடைவெளியைத் தளர்த்திக் கொடுத்தார். இப்போது ‘நடுத்தர அரைப்பு’ என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது.

அந்த வாரம் ஆர்டரும் கூடியது. ஆனால் விலை ஏறுமுன் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் மார்ச்சில் வரவில்லை. ஆகவே அதை மெயிலின் வெற்றி என்று நான் எழுதிக்கொள்ளவில்லை.

பதில்களைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி அடிக்கடி வந்தது. “தூள் தீர்ந்தபிறகுதான் ஞாபகம் வருகிறது, அன்றைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுகிறேன்.” சோதிக்க வேண்டிய பெரிய மாற்றம் கையிலேயே வந்து விழுந்தது.

தீரும் நேரத்தில் ஒரு கடிதம்

இரண்டு வருடப் பில் கணக்கிலிருந்து, அரைக் கிலோ வாங்கியவர் அடுத்த முறை எத்தனை நாளில் வாங்கினார் என்று எடுத்தேன். சராசரி 38 நாள் வந்தது. வாங்கிய 33ஆம் நாள் மெயில் போகும்படி வைத்தேன். இதுவும் தவறான கணக்கு. “போன வாரமே தீர்ந்துவிட்டது” என்று பதில்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் சிலர் சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். எல்லாரையும் நாள் வாரியாக வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 24 நாள். வறுப்பது செவ்வாயும் வெள்ளியும்; கூரியருக்கு இரண்டு நாள். பின்னோக்கிக் கணக்கிட்டு 19ஆம் நாள் என்று வைத்தேன்.

கடிதம் இதுதான். பத்து முறையாவது திருத்தியிருப்பேன். ஒவ்வொரு முறையும் குறைத்தேன்.

சப்ஜெக்ட்: “தூள் தீரப் போகிறதா?”

முன்னோட்ட வரி: “அடுத்து வறுப்பது செவ்வாய்க்கிழமை”

“வணக்கம். நீங்கள் போன முறை வாங்கியது 80:20, அரைக் கிலோ, நடுத்தர அரைப்பு. வாங்கி 19 நாள் ஆகிறது.

வரும் செவ்வாய் காலை வறுக்கிறோம். திங்கள் மாலை 6 மணிக்குள் சொன்னால் உங்கள் பொட்டலம் அந்த வறுவலிலேயே சேரும். புதன்கிழமை அனுப்பிவிடுவோம்.

அதே மாதிரி வேண்டுமென்றால் இந்த இணைப்பைத் தொட்டால் போதும். மாற்ற வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், நான்தான் படிப்பேன்.

டப்பாவில் இன்னும் தூள் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.”

தள்ளுபடி இல்லை. முதல் வரைவில் ‘அன்புள்ள’ போட்டுப் பெயரைச் சேர்த்திருந்தேன். பில்லில் சிலர் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் முதலெழுத்துகளோடு இருந்தது, சிலருக்குப் பெயரே இல்லாமல் ‘அன்புள்ள’ என்பதற்குப் பின் வெறும் காற்புள்ளி வந்தது. எடுத்துவிட்டு ‘வணக்கம்’ ஆக்கினேன். அவர் என்ன வாங்கினார் என்பதை முதல் வரியிலேயே சொல்வது பெயரைவிட நெருக்கமாக இருக்கிறது.

இந்தத் தடவை ஒரு பாதிக்கு மெயிலே அனுப்பவில்லை. தீபாவளியில் கற்றது அது: வாங்கியவர்கள் மெயிலால் வாங்கினார்களா, எப்படியும் வாங்கியிருப்பார்களா என்று தெரிய, மெயில் போகாதவர்களும் வேண்டும். வாடிக்கையாளர் எண் இரட்டையில் முடிந்தால் மெயில், ஒற்றையில் முடிந்தால் இல்லை. ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணினேன். எந்த வழியில் வாங்கினாலும் ஆர்டர்தான் கணக்கு. இணைப்பைத் தொட்டாரா, போன் செய்தாரா, வாட்ஸாப்பில் சொன்னாரா என்பது முக்கியமில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மெயில் போனவர்கள் 412 பேர், போகாதவர்கள் 409 பேர். பத்து நாளுக்குள் மறுபடி வாங்கியவர்கள் 87, 52. கைக்கணக்கு: கூட்டினால் 139, வர்க்கமூலம் 12க்குக் கொஞ்சம் கீழே, இரட்டித்தால் 24. வித்தியாசம் 35. மூன்று மாதத்தில் விலகியவர்கள் மூன்று பேர்.

இந்த 87 பேரில் கிட்டத்தட்ட முப்பது பேர் இணைப்பைத் தொடவே இல்லை, போனில் சொன்னார்கள். கிளிக்கை மட்டும் எண்ணியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் 87ஐப் பார்க்கவில்லை. “மெயிலே போடாம 52 பேரு வந்திருக்காங்க பாரு கண்ணு. அவங்க எப்படி ஞாபகம் வச்சு வந்தாங்கன்னு கேக்கணும்” என்றார். அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

செலவும், மாற்றப்போவதும்

சர்வர் ஒன்பது மாதத்துக்கு 4,500 ரூபாய். அனுப்பும் சேவைக்கு எல்லாம் சேர்த்து 400க்குள். வார்ப்புரு 1,900 வீண். தீபாவளித் தள்ளுபடியில் போனது தனி. கூடுதலாக வந்த 35 ஆர்டர், அரைக் கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 14,000 ரூபாய் விற்பனை; லாபம் அதில் ஒரு பகுதிதான். ஒற்றை எண்காரர்களுக்கும் ஜூலையிலிருந்து அந்தக் கடிதம் போகத் தொடங்கிவிட்டதால் இது இரட்டிக்கும் என்று எதிர்பார்க்கிறேன். என் நேரத்துக்கு விலை போடவில்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது போயிருக்கும், இப்போது ஒரு மணி நேரம்.

மறுபடி தொடங்கினால் முதல் மெயிலே படமில்லாத கடிதமாக, பதில் எழுதக்கூடிய முகவரியிலிருந்து போகும். அந்த முதல் மெயிலில் ஒரு கேள்விதான் இருக்கும்: தூள் தீரும்போது என்ன செய்கிறீர்கள்? ஆறு மாதம் சப்ஜெக்ட் வரியோடு மல்லுக்கட்டியதைவிட அந்தப் பதில்கள் என்னை வேகமாக இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். ஒரே கடிதத்தை இரண்டு பாதிக்கும் அனுப்பும் சோதனையை முதல் மாதமே செய்துவிடுவேன்.

கால் கிலோ வாங்குகிறவர்களுக்கு 19 நாள் பொருந்தாது. அவர்களின் நடுநாள் 13 என்று வருகிறது; 9ஆம் நாள் கடிதம் போகும்படி வைத்து, மறுபடி இரட்டை, ஒற்றை என்று பிரித்திருக்கிறேன். கடையில் போன் எடுக்கிற பையன், ‘மெயில் வந்துச்சு’ என்று யாராவது சொன்னால் பில்லின் மூலையில் சிவப்பு மையில் ‘மெ’ என்று எழுதி வைக்கிறான். நேற்று வரை நாலு பில்.